மூன்று தடவை கார்ட் மறுத்துவிட்டார்கள், நான் கிரிப்பில் விழுந்துவிட்டேனா?

இந்த வாரக் கடிதம் 26 வயதுப் பெண் ஒருவருடையது. மலையகத்தில் ஊர், புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் கணக்குப் பார்க்கும் வேலை, வெள்ளவத்தையில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு வாடகை அறை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

தீபாவளிக்கு முன் ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய மின்சாதனக் கடைக்குப் போயிருக்கிறார். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, கடையின் பெயர் போட்ட கிரெடிட் கார்ட் எடுத்தால் 165,000 ரூபாய் ஃபிரிட்ஜை வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டி முடிக்கலாம், கார்ட் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்லி ஒரு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். சம்பளம் என்ற இடத்தில் "ஒரு லட்சத்துக்கு மேலே போடுங்கக்கா" என்றும் சொல்லியிருக்கிறார். இவர் போடவில்லை, உண்மையாக வாங்கும் 73,000 ரூபாயையே எழுதினார். இரண்டு வாரத்தில் 'வருந்துகிறோம்' என்று குறுஞ்செய்தி. ரோஷத்தில் அதே மாதம் இன்னும் இரண்டு வங்கிகளுக்கு விண்ணப்பித்தார், அங்கேயும் அதே பதில். கடன் வாங்கியவர்களின் விவரங்களைப் பதிந்து வைக்கும் கிரிப் (CRIB) என்ற பணியகத்தை மனதில் வைத்து அறைத்தோழி "நீ கிரிப்பில விழுந்திட்டாய், இனி அஞ்சு வருஷத்துக்கு உனக்கு ஒண்டும் கிடைக்காது" என்கிறார். ஃபேஸ்புக்கில் ஒருவர் 15,000 ரூபாய் தந்தால் கிரிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நியூ ஜேர்சியில் இருக்கும் பெரியம்மா மகனோ "கடைக் கார்ட்தானே இருக்கிறதிலேயே லேசாகக் கிடைப்பது, அதுகூடவா கிடைக்கவில்லை?" என்று கேட்டு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியிருக்கிறார்.

கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் இரண்டு விஷயங்கள் வருகின்றன. சம்பளத்தில் 38,000 மட்டும்தான் வங்கிக்கு வருகிறது, மிச்சம் 35,000 மாதக் கடைசியில் ஒரு உறையில். இரண்டு வருடத்துக்கு முன் மாமாவின் ஆட்டோ லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். சேமிப்புக் கணக்கில் 120,000 ரூபாய் இருக்கிறது. அவருடைய கேள்விகள்: ஏன் மறுத்தார்கள், அந்த ஃபேஸ்புக் ஆளுக்குக் காசு கொடுக்கலாமா, வேறு வங்கியில் முயற்சி செய்யட்டுமா, இல்லை அத்தானின் கார்ட்டில் ஃபிரிட்ஜை வாங்கட்டுமா?

தங்கச்சி, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 15,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையின் படத்தை ஏற்கனவே அனுப்பியிருந்தால் இனி அந்த ஆளுக்கு எதையும் அனுப்பாதீர்கள், தொலைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டால் சொல்லவே சொல்லாதீர்கள். கிரிப்பில் இருக்கும் ஒரு பதிவை மாற்றுவதற்குச் சரியான வழி ஒன்றுதான்: அந்தத் தகவலைக் கொடுத்த வங்கியோ லீசிங் கம்பனியோ 'இது பிழை' என்று ஏற்றுத் திருத்தி அனுப்ப வேண்டும். நடுவில் நின்று 'கிளியர்' பண்ணித் தரும் ஆட்கள் என்று யாரும் இல்லை. காசு வாங்கும் ஆட்கள் மட்டும் இருக்கிறார்கள்.

கிரிப் யாரையும் மறுப்பதில்லை

கிரிப் என்று நாம் சொல்வது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். அது ஒரு பதிவேடு, அவ்வளவுதான். யார் எந்த வங்கியில் எவ்வளவு கடன் எடுத்தார், ஒழுங்காகக் கட்டுகிறாரா, யாருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதை வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அங்கே கொடுக்கின்றன, கடன் கேட்டு யாராவது வந்தால் திரும்ப அங்கேயே பார்க்கின்றன. கறுப்புப் பட்டியல் என்று ஒன்று அங்கே கிடையாது. கொடு என்றோ கொடுக்காதே என்றோ அது சொல்வதும் இல்லை, முடிவு முழுக்க முழுக்க வங்கியுடையது. வங்கி அதிகாரிகள் சிலரே 'கிரிப்பில் பிரச்சினை, அதுதான் தர முடியவில்லை' என்று கையை விரித்துவிடுவதால்தான் உங்கள் தோழி மாதிரி ஆட்கள் அதை ஏதோ சிறைச்சாலை போல நினைக்கிறார்கள்.

உங்கள் நிலைமையில் இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் உங்கள் பெயரில் ஒரு கடனும் எடுத்ததில்லை. கடனே இல்லாதவர் நல்ல பெயரோடு இருப்பார் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் வங்கியின் கண்ணுக்கு அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை, தெரியாதவர். கிரிப் 250 முதல் 900 வரை ஒரு புள்ளி கொடுக்கிறது, அதைக் கணிப்பதற்கு நீங்கள் கடன் வாங்கிக் கட்டிய கதை ஒன்று இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கதை இன்னும் தொடங்கவில்லை. தொடங்குவதற்குள் ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வங்கிகள் உங்கள் அறிக்கையைப் பார்த்ததும் அங்கே பதிவாகும், மூன்றாவது வங்கிக்காரர் முதல் இரண்டு பேர் பார்த்துப் போனதையும் பார்த்திருப்பார். அவசரத்தில் காசு தேடுகிறாரோ என்ற நினைப்பு அவருக்கு வருவதில் ஆச்சரியமில்லை. அதனால் நான்காவது விண்ணப்பம் இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே வாங்கலாம். தேசிய அடையாள அட்டையோடு நேரில் போகலாம், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம், சின்னக் கட்டணம்தான். தோழி சொன்னதையும் ஃபேஸ்புக்காரர் சொன்னதையும் விட்டுவிட்டு இந்த ஒரு கடதாசியை எடுத்துப் படியுங்கள். அதில் பிழை இருந்தால் பணியகத்திலேயே முறைப்பாடு கொடுக்கலாம், அவர்கள் அதைச் சம்பந்தப்பட்ட கம்பனியிடம் அனுப்புவார்கள்.

மாமாவின் ஆட்டோ

கடிதத்தில் நீங்கள் "நான் சும்மா கையெழுத்து மட்டும்தான் போட்டேன், காசு எடுத்தது மாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வசனத்தைப் புதுக்கடை நீதிமன்றங்களுக்கு முன்னால் நின்று அழும் பிணையாளிகள் வாயால் நிறையக் கேட்டிருக்கிறேன். சும்மா கையெழுத்து என்று ஒன்று இல்லை. பிணை நின்ற கடன் கிரிப்பில் உங்கள் பெயரிலும் தெரியும், பிணையாளி என்ற தலைப்பின் கீழ். மாமா ஒழுங்காகக் கட்டினால் அது பெரிய பாரம் இல்லை. கட்டவில்லை என்றால், நீங்கள் ஒரு சதமும் தொடாத கடன் உங்கள் விண்ணப்பத்தின் மேல் வந்து உட்காரும்.

சட்டத்திலும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் கடன், ஒப்பந்தம் பற்றிய பொதுச் சட்டத்தின் அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி பார்த்தால், முதலில் கடன்காரரைப் பிடியுங்கள், அவரிடம் தேறாவிட்டால்தான் என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமை பிணையாளிக்கு உண்டு. நல்லது என்று நினைப்பீர்கள். ஆனால் லீசிங் கம்பனிகளின் அச்சடித்த பிணைப் பத்திரங்களில் அந்த உரிமையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு பந்தி வழக்கமாகவே இருக்கும், நீங்கள் கையெழுத்துப் போட்டது அதற்கும் சேர்த்துத்தான். ஆட்டோவை இழுத்துக்கொண்டு போய் ஏலத்தில் விற்ற பிறகும் மீதித் தொகை இருந்தால், மாமாவைத் தேடி அலையாமல் நேராக மாதச் சம்பளக்காரியான உங்களிடம் வரலாம்.

ஆகவே மாமாவிடம் பேசுங்கள். கட்டுகிறீர்களா என்று கேட்டால் 'கட்டுறன் பிள்ளை' என்றுதான் வரும், அது பதில் இல்லை. கடைசியாகக் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது பிணையாளி என்ற முறையில் நீங்களே கம்பனிக்குப் போய் இன்றைய நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். குடும்பத்துக்குள் இது கொஞ்சம் சங்கடம்தான், தெரியும். ஒரு தவணை, இரண்டு தவணை பின்தங்கியிருந்தால் மாமாவுக்கு உதவி செய்தாவது அதைச் சீராக்குங்கள், கார்ட்டுக்கு அலைவதைவிட அதற்கு முதலிடம் கொடுங்கள். கையிலிருக்கும் 120,000 ரூபாயில் கொஞ்சம் அதற்குப் போனாலும் பரவாயில்லை என்பது என் அபிப்பிராயம், ஆனால் ஒரு தடவைதான், அதுவும் பற்றுச்சீட்டோடு.

உறையில் வரும் 35,000

மூன்று மறுப்புக்கும் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் 73,000 என்று எழுதினீர்கள். சம்பளச் சீட்டு 38,000 என்கிறது, வங்கிக் கூற்றும் 38,000 என்கிறது. வங்கி உங்கள் கடைக்கு போன் போட்டு விசாரித்தபோது முதலாளி 'வேலை நேரத்தில இதுக்கெல்லாம் போன் எடுக்கவேண்டாம்' என்று வைத்துவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள்: எழுதியது ஒன்று, காட்டியது ஒன்று, கேட்டால் பதில் இல்லை. நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் உண்மை என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை.

அந்தத் தம்பி சொன்னபடி ஒரு லட்சம் என்று எழுதாமல் விட்டது ரொம்ப நல்லது. அவருக்கு விண்ணப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன், கையெழுத்து உங்களுடையது. பொய்ச் சம்பளம் காட்டிக் கடன் வாங்குவது தண்டனைச் சட்டக் கோவையில் ஏமாற்றுதல் என்று சொல்லப்படும் குற்றம் வரைக்கும் போகக்கூடியது, பிறகு அந்தத் தம்பியைத் தேடினால் மேசையும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இதில் சேராது. ஆனால் மாதா மாதம் மாறாமல் வரும் 35,000 ரூபாய் மேலதிக நேரம் என்று சொல்லிவிடக்கூடியது இல்லை, பெயர் என்னவாக இருந்தாலும் அது சம்பளத்தின் ஒரு பகுதி என்று வாதிடலாம். அந்தத் தொகைக்கு முதலாளி கட்டாமல் விடுவது மாதம் 5,250 ரூபாய், வருடத்துக்கு 63,000. கார்ட் கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறீர்கள், இது அதைவிடப் பெரிய காசு.

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, நாரஹேன்பிட்டியில் அலுவலகம். நாளைக்கே போங்கள் என்று சொல்லமாட்டேன், வேலைக்குப் பங்கம் வருமா என்பதை உங்களைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. முதலில் தன்மையாக, முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டுவிடுங்கள், அறை வாடகைக்கு, வங்கி அலுவலுக்கு எல்லாம் காட்டவேண்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால், உறை கிடைத்த அன்றே அந்தப் பணத்தை நீங்களே உங்கள் கணக்கில் போடத் தொடங்குங்கள். அது சம்பளம் என்பதற்கு முழு ஆதாரம் ஆகாது, ஆனால் ஆறு மாதக் கூற்றில் ஒரே திகதியை ஒட்டி ஒரே தொகை வந்துகொண்டிருந்தால் ஒரு கிளை முகாமையாளர் அதைக் கவனிப்பார். பிறகு தொழிலாளர் நீதிமன்றம் வரை போகவேண்டி வந்தாலும் அந்தக் கூற்று உதவும்.

நியூ ஜேர்சிக் கணக்கு வேறு

உங்கள் அண்ணா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அமெரிக்காவில் பெரிய கடைகள் தங்கள் கடைக்குள் மட்டும் செல்லுபடியாகும் கார்ட்களைக் கொடுக்கின்றன, பின்னால் இருப்பது ஒரு வங்கிதான். மற்ற கார்ட்களைவிட அவை லேசாகக் கிடைக்கும் என்பதால் பலருக்கும் அதுவே முதல் கார்ட். அங்கே 300 முதல் 850 வரையான புள்ளியைக் கணினி பார்த்து, காசு கட்டும் மேசையிலேயே சில நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். அதற்கு விலையும் உண்டு, அந்தக் கார்ட்கள் பலவற்றில் வருட வட்டி 30 வீதத்தைத் தாண்டுகிறது. அங்கேயும் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சொந்த வருமானம் காட்டவேண்டும், அல்லது கூடச் சேர்ந்து கையெழுத்திட ஒருவர் வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது.

கொழும்பில் கடையின் பெயர் அச்சடித்த கார்ட் என்றாலும் கொடுப்பது வங்கியோ நிதிக் கம்பனியோதான், மற்றக் கார்ட்டுக்குக் கேட்கும் அதே சம்பளச் சீட்டு, அதே வங்கிக் கூற்று, அதே தொலைபேசி விசாரணை. கடையின் பெயர் இருப்பதால் கதவு அகலமாகத் திறந்துவிடாது. 'கட்டாயம் கிடைக்கும்' என்று வாசலில் சொன்ன வார்த்தைக்கு வங்கி கட்டுப்படாது.

கார்ட்டுக்கு எந்த வழி

உங்கள் நிலைமைக்குப் பொருத்தமானது நிலையான வைப்பை வைத்து எடுக்கும் கார்ட். ஒரு தொகையை வங்கியில் வைப்பாகப் போட்டு, கார்ட் இருக்கும்வரை அதை எடுக்க முடியாதபடி பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கு அளவுக்குக் கடன் எல்லை வைத்துக் கார்ட் கொடுப்பார்கள், இங்கே பல வங்கிகளில் இது உண்டு. வைப்புக்கு வட்டி வந்துகொண்டே இருக்கும், சம்பளச் சீட்டுத் தலைவலி பெரும்பாலும் இல்லை. சம்பளம் வரும் கிளைக்கே போய்க் கேளுங்கள், அவர்களுக்கு உங்கள் முகம் தெரியும். படிவத்தை விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வருடக் கட்டணம் எவ்வளவு, முதல் வருடம் இலவசம் என்றால் இரண்டாம் வருடம் எவ்வளவு, தவணை பிந்தினால் என்ன கட்டணம் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த பிறகு, மாதா மாதம் எப்படியும் செலவாகும் ஒன்றிரண்டை, தொலைபேசிக் கட்டணம், மாதச் சாமான் மாதிரி, அதில் போட்டு முழுத் தொகையையும் திகதிக்கு முன் கட்டிவிடுங்கள். முழுத் தொகை என்று அழுத்திச் சொல்கிறேன். கூற்றில் 'குறைந்தபட்சக் கொடுப்பனவு' என்று ஒரு சின்னத் தொகை போட்டிருக்கும், அதைக் கட்டினால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தாமதக் கட்டணம் வராமல் காப்பாற்றும், வட்டியிலிருந்து காப்பாற்றாது. கார்ட் வட்டி 2022 நெருக்கடியில் 36 வீதம் வரை போனது, 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி 28 வீதத்தை உச்சவரம்பாக வைத்தது. அந்த 28ஐயே வைத்துப் பாருங்கள்: 100,000 ரூபாய் பாக்கிக்கு மாத வட்டி 2,300 ரூபாயைத் தாண்டும். குறைந்தபட்சம் 5 வீதம் என்று 5,000 கட்டினால் கடனில் குறைவது 2,700கூட இல்லை. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லாத நாட்கள் வழக்கமாகக் கிடைக்காது. கார்ட்டைப் போட்டு ஏடிஎம்மில் காசு எடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் கட்டணம்.

வங்கி காரணமே சொல்லாமல் மறுத்தது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், அல்லது அந்தக் கடை வாசல் தம்பி உங்களைப் பொய் எழுதத் தூண்டியதைப் பற்றி முறையிட வேண்டுமானால், முதலில் வங்கிக்கு எழுதி, பிறகு மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம், 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். ஆனால் கார்ட் கொடுத்தே ஆகவேண்டும் என்று இவர்களில் யாரும் வங்கியைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். கடன் கொடுப்பது வங்கியின் விருப்பம், உங்கள் உரிமை நியாயமாக நடத்தப்படுவது.

அப்புறம், ஃபிரிட்ஜ்

120,000 ரூபாயை வைப்பில் போட்டால் ஃபிரிட்ஜுக்குக் காசு இல்லை, ஃபிரிட்ஜுக்குக் கொடுத்தால் வைப்புக்குக் காசு இல்லை. இரண்டையும் ஒரே தீபாவளிக்குள் முடிக்கப் பார்ப்பதுதான் உங்களை இந்த அலைச்சலுக்குள் இழுத்தது. நானாக இருந்தால் மாமாவின் நிலுவை விஷயம் சரி என்றால், இந்த வருடம் ஃபிரிட்ஜைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, கார்ட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைப்பேன். ஒரு அளவு சின்ன ஃபிரிட்ஜ் பாருங்கள், அம்மா ஒருவருக்கு அது தாராளம். கடையில் 'ரொக்கத்துக்கு என்ன விலை?' என்று கேளுங்கள். 0 வீதத் தவணை என்று சொல்லும் விலைக்கும் ரொக்க விலைக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால் அதுதான் வட்டி, கையாளும் கட்டணம் என்று வேறு பெயரில் வந்தாலும் அப்படித்தான்.

கோக்கோ, மின்ட்பே மாதிரி மூன்று தவணையாகப் பிரிக்கும் செயலிகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சக் காசு குறைகிறது என்றால் பரவாயில்லை, ஆனால் மூன்றில் ஒரு பங்கு மாதத்துக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டு இறங்குங்கள், உங்கள் வங்கிச் சம்பளம் 38,000தான்.

அத்தானின் கார்ட் வேண்டாம். நீங்கள் ஒரு மாதம் பிந்தினால் பெயர் கெடுவது அவருக்கு, சண்டை வருவது அக்காவுக்கு, நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் நல்ல பெயர் போய்ச் சேருவது அவர் கணக்கில். அக்காவும் அத்தானும் உதவத்தான் வேண்டும் என்றால், குறையும் தொகையைக் கைமாற்றாகக் கேளுங்கள், எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள் என்று ஒரு வாட்ஸப் செய்தியிலாவது எழுதி வையுங்கள்.

கிரிப் அறிக்கை கைக்கு வந்ததும், அதில் மாமாவின் லீசிங் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து மறுபடி எழுதுங்கள். தவணை பின்தங்கியிருப்பதாக இருந்தால், பிணையாளி என்ற முறையில் கம்பனிக்கு அனுப்பவேண்டிய கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.